நூற்றுப்பன்னிரண்டாவது ஆள்

போன வாரம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வண்டி சீட்டைத் துடைக்கப் பழந்துணி தேடிக் கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். கையில் ஒரு சிவப்புத் தொப்பி சிக்கியது. முன்பக்கம் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ போட்டிருக்கும். என்னவென்று கேட்காதீர்கள். எழுத்துக் கூட்ட ஆரம்பித்தால் நாளை மதியத்துக்குள் சொல்லிவிடுவேன். தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பெட்டிக்குள் போட்டிருந்த பாச்சை உருண்டை நாற்றத்தையும் மீறி, தொப்பிக்குள்ளிருந்து பால் பவுடர் வாசனை வந்தது.

"அத தூக்கிப் போடுன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்றாள் என் மனைவி செல்வி. "அத மாட்டிக்கினு ஒரு தடவ நீ ஊட்டுக்கு வந்தியே, அதுவே போதும்."

அந்த ஒரு தடவையைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் பால் பவுடரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். அஞ்சாவதிலேயே ரெண்டு வருஷம் உட்கார்ந்ததால் யாராவது கேட்டால் ஆறாவது என்பேன். அதன் பிறகு சின்னச் சின்ன வேலைகள், அப்புறம் புதுச்சேரியில் ஒரு நூல் மில். பதினெட்டு வருஷம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டேன். மில்லை மூடினார்கள். அடுத்த ரெண்டு வருஷம் நான் பார்த்த வேலைகளை எண்ணினால் உங்களுக்கே கொட்டாவி வரும். பெயின்ட் அடித்தேன், பந்தல் போட்டேன், ஒரு பந்தல் என்மேலேயே விழுந்தது. வீடு ஓடியது செல்வியால்தான். விடிகாலையில் இட்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மூலக்குளத்திலிருந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாப்புக்குப் போவாள். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் வாங்கிச் சாப்பிடுவார்கள். திரும்பி வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் வாசலில் நின்று கூடையை வாங்கி வைப்பேன். அதுதான் அப்போது என் உத்தியோகம்.

அப்படி இருக்கும்போதுதான் வில்லியனூர் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பி, பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. உலகம் பூராவும் அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறதாம். எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கட்டுமே என்று திறந்துவிட்டார்கள். அங்கே ஆள் சப்ளை செய்கிற கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார்.

"டீ, காபி போடத் தெரியுமா?"

"குடிக்கத் தெரியும் சார்."

"வாய் ஜாஸ்தியா இருக்கே. மூணு மாசம் பாப்பேன். ஆபீஸ்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்தா மூட்டய கட்டிக்க வேண்டியதுதான்."

மூணு மாசம் தாண்டிவிட்டால் நிரந்தரம், பி.எஃப்., செல்வி கூடையை இறக்கி வைக்கலாம். அதனால் அந்த மூணு மாசமும் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

மூன்றாவது மாடி பேன்ட்ரி என் பொறுப்பு. பேன்ட்ரி என்றால் காபி மெஷின், தண்ணீர், டம்ளர், பிஸ்கட் இருக்கிற அறை. முதல் நாள் கண்ணாடிக் கதவு திறக்கவே இல்லை. கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். அதைச் சுவரில் உள்ள கறுப்புப் பெட்டியில் காட்ட வேண்டும். அட்டையைக் கையில் எடுத்துக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டைக் கயிறு குட்டை, நானும் குட்டை. எக்கி, வளைந்து, நெஞ்சைப் பெட்டியில் உரசித் திறந்தேன். ஒரு வாரம் அப்படியே போனது. அந்தக் கதவுக்கு நான் தினமும் கும்பிடு போடுவதாக மாடி முழுக்கப் பேச்சாகிவிட்டது.

கயல்விழி என்ற பெண்தான் ஒருநாள் அட்டையைக் கழற்றிக் காட்டிக்கொடுத்தது. அரியாங்குப்பத்திலிருந்து வரும். பாலத்தில் நெரிசல் என்று தினமும் அரக்கப்பரக்க வந்து நேரே பேன்ட்ரிக்குள் நுழையும். பத்துப் பேருக்கு அதுதான் தலைவி. ஆனால் முகத்தைப் பார்த்தால் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி இருக்கும்.

"அண்ணா, நீங்க எவ்ளோ நாளா நெஞ்ச வெச்சு திறக்குறீங்க?"

"ஒரு வாரமா."

"சொல்லக்கூடாதா ஒருத்தர்கிட்ட?"

"எல்லாருமே அப்பிடித்தான் தெறப்பாங்கன்னு நெனச்சேன்மா. படிச்சவங்கல்லாம் சுளுவா பண்றீங்க, எனக்குதான் வளையலன்னு."

அது சிரித்த சிரிப்பில் கையில் இருந்த காபி பாதி தரைக்குப் போனது. துடைத்தது நான்தான், அது வேறு விஷயம்.

மெஷின் காபிக்கு ஒரு வாசனை உண்டு. பால் பவுடரும் வெந்நீரும் சேர்ந்த வாசனை, அழுத குழந்தையின் வாய் மாதிரி. மில் கேன்டீன் டீ வேறு. அதைக் குடித்தால் நாக்கில் தோல் உரியும். இது நல்ல பிள்ளைக் காபி. முதலில் பிடிக்கவில்லை. ஒரு மாசத்தில், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செல்வி போட்ட காபியைக் குடித்துவிட்டு, "என்னமோ கொறயுதே" என்றேன். அன்று மதியம் எனக்குச் சோறு லேட்டாகத்தான் கிடைத்தது.

இப்படி ஒவ்வொன்றாகப் பழகினேன். ஏ.சி. குளிருக்குச் சட்டைக்குள் ரெண்டு பனியன். தன்னைவிட இருபது வயது பெரியவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்கு அவரும் சிரிக்கிறார். பிறந்தநாள் என்றால் கேக்கை வெட்டிப் பாதியை மூஞ்சியில் பூசுகிறார்கள். மீதியை என்னிடம் கொடுத்து, "அண்ணா, நீங்களும் எடுத்துக்குங்க" என்பார்கள். மூஞ்சியில் பூசச் சொல்கிறார்களா, சாப்பிடச் சொல்கிறார்களா என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

அங்கே எனக்குப் பயமாக இருந்த ஒரே ஆள் அந்துவான் சார். கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். அப்படி வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரான்சிலிருந்து பென்ஷன் வரும், பெரும்பாலும் வீட்டோடு இருப்பார்கள். இவருக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. இரும்பு மாதிரி முதுகு, ஒரு முழங்கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். தமிழில் திட்டுவார், இங்கிலீஷில் எழுதுவார், எண்ணும்போது மட்டும் பிரெஞ்சு. தீயணைப்பு சிலிண்டரானாலும் நாற்காலியானாலும் விரலை நீட்டி, "அன், தெ, த்ருவா" என்று எண்ணிக்கொண்டே போவார். அந்த விரல் நம் பக்கம் வந்தால் நாமும் ஒரு சிலிண்டர் மாதிரி விறைத்து நிற்போம்.

ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். "இஞ்சினியருங்க ஒருத்தனும் சீட்டுல இருக்க மாட்டான். நீ எப்பவும் மாடியிலதான் கெடக்குற. ஃபயர் வார்டன் நீதான்" என்றார். அதற்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். முக்கால் மணி நேரம், முழுக்க இங்கிலீஷ். நெருப்புப் படம் வந்தது, ஒரு ஆள் ஓடுகிற படம் வந்தது, நாலு பேர் சேர்ந்து நிற்கிற பச்சைப் பலகைப் படம் வந்தது.

"புரிஞ்சுதா?"

"நல்லா புரிஞ்சுது சார்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது கம்ப்ளெயின்ட் ஆகிவிடுமோ என்று பயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனிடம் கேட்டேன். "சங்கு ஊதுனா டாய்லெட்டு, பேன்ட்ரி, மீட்டிங் ரூம் எல்லாம் பாத்து ஆளுங்கள வெளிய அனுப்பணும்ணா, நீங்க கடைசியா எறங்கணும்" என்றான். அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன். கடைசியில் எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். தினமும் துடைத்து மெஷினுக்கு மேல் வைப்பேன்.

மூணாவது மாசம் முடிய நாலு நாள் இருந்தது. மதியம் மூன்று மணி சுமாருக்குச் சங்கு ஊதியது. மணி அடிக்கும் என்று நினைத்திருந்தேன், இது ஊளையிட்டது. அசல் எங்கள் மில் சங்கு.

இங்கே மில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷிப்டுக்கு ஷிப்டு ஊதுகிற சங்கு வேறு. நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் ஒரே அர்த்தம்தான். மில்லில் யாரோ செத்துவிட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டு எல்லாரும் முற்றத்துக்கு வருவோம், வரிசையாக ரெண்டு நிமிஷம் தலை குனிந்து நிற்போம், வீட்டுக்குப் போய்விடுவோம். அன்றைக்கு அதோடு லீவு. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.

ஆனாலும் நான் என் வேலையைச் செய்தேன். தொப்பியை மாட்டினேன். டாய்லெட் கதவு ஒவ்வொன்றையும் தட்டினேன். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எழாமல் இருந்த ஒருத்தனை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் விட்டேன். பேன்ட்ரி ஸ்டோரைப் பூட்டினேன். கடைசி ஆளாக இறங்கினேன். எங்கேயாவது புகை இருக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஒன்றும் இல்லை.

கீழே வந்தால் பார்க்கிங்கில் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஓரமாக ஒரு ஆம்புலன்ஸ். அந்துவான் சார் கையில் காகிதத்தோடு தலை குனிந்து நிற்கிறார்.

தீ இல்லை, புகை இல்லை. அப்படியென்றால் சாவுதான்.

யாரென்று கேட்பது மரியாதை இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றேன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் கண்ணை மூடினேன். மனசுக்குள் எண்ணித்தான் நின்றேன், ஏமாற்றவில்லை. பிறகு தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சத்தம் இல்லாமல் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், பக்கத்து கேட் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

செல்வி மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே கையை எடுத்துவிட்டாள்.

"வேல போச்சா?"

"சீ, வாய கழுவு. ஆபீஸ்ல ஒரு சாவு. லீவு உட்டுட்டாங்க."

"யாரு?"

"தெரில. பெரிய ஆளாத்தான் இருக்கணும். ஆம்புலன்ஸ்லாம் வந்துருக்கு. அந்துவான் சாரே தலைய தொங்கப் போட்டுக்கினு நின்னாரு."

"யாருன்னு கேக்காமயே துக்கத்துக்கு நின்னுட்டு வந்தியா?"

"மில்லுல கேட்டுட்டா நின்னோம்?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போன் பண்ணிக் கேளு. உன் போன் எங்க?"

சட்டைப் பையைத் தொட்டேன். பேன்ட்ரி ஸ்டோருக்குள் சார்ஜில் போட்டது ஞாபகம் வந்தது. பூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"போயி எடுத்துக்கினு வா. அப்பிடியே செத்தவங்க பேரையும் கேட்டுக்கினு வா. நாளைக்கு ஒரு மால போட வேணாமா?"

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கிளம்பினேன். சாவு நடந்த இடத்துக்கு அவசரமாகப் போனால் நன்றாக இருக்காது.

அங்கே போனால் எல்லாரும் அப்படியே வெயிலில் நிற்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சிலர் தலையில் லேப்டாப் பையை வைத்திருந்தார்கள். ரெண்டு மூணு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இவ்வளவு பாசமா என்று எனக்கே நெகிழ்ந்துவிட்டது. பின்வரிசையில் நின்ற ஒரு பையனின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"யாரு தம்பி செத்தது?"

அவன் திரும்பாமலே சொன்னான். "சாவுன்னுலாம் சொல்லாதீங்கண்ணா. பேன்ட்ரி அண்ணனக் காணோம். உள்ளதான் எங்கயோ விழுந்து கெடக்குறாரு. ஸ்டோர் ரூம்ல அவரு போன் அடிக்கிது, ஆளு எடுக்கல. கதவ ஒடைக்கிறாங்க."

பிறகுதான் எல்லாம் எனக்கு விளங்கியது. இது தீ ஒத்திகை, ஆம்புலன்ஸும் அதற்காக வந்ததுதான். வெளியே வந்தவர்களை எண்ணியிருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் நூற்றுப்பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். நூற்றுப்பதினொன்றுதான் வந்திருக்கிறது. திருப்பி எண்ணியும் அதேதான். சங்கு ஊதினால் கதவெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும், அட்டை காட்ட வேண்டாம், அதனால் கம்ப்யூட்டரில் நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். கணக்கு நேராகாமல் ஒருத்தரையும் உள்ளே விட அந்துவான் சார் சம்மதிக்கவில்லை. இழுக்கிற முழங்காலோடு அவரே மூணு மாடி ஏறியிருக்கிறார். பின்னாலேயே கயல்விழியும் ஓடியிருக்கிறது. அதற்கு அன்று மூன்றரை மணிக்கு வெளிநாட்டுக்காரர்களோடு முக்கியமான மீட்டிங்.

அப்போது மாடியிலிருந்து என் பேர் கேட்டது. கயல்விழிதான். ஒவ்வொரு அறையாகத் திறந்து கத்துகிறது. மூணு மாசத்தில் அங்கே யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அண்ணா" என்பார்கள், அவ்வளவுதான். என் பேர் அதற்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஓடிப்போக வேண்டும் போல இருந்தது. உள்ளே இல்லை, வெளியே, கேட்டைத் தாண்டி. மூணு மாசம் முடிய நாலு நாள். பாதி மாவில் கையை எடுத்த செல்வி முகம் கண்முன் வந்தது. ஆனால் மேலே ஒரு பிள்ளை என் பேரைச் சொல்லிக் கத்துகிறதே. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசைக்கு முன்னால் போய், "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

பார்க்கிங் மொத்தமும் திரும்பியது. பட்டாளம் துப்பாக்கியைத் திருப்பின மாதிரி.

கயல்விழி ரெண்டு ரெண்டு படியாக இறங்கி வந்தது. மூஞ்சியெல்லாம் வேர்வை, தூசி. அடித்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"எங்கண்ணா போனீங்க?"

"ஊட்டுக்கு."

"ஊட்டுக்கா! எதுக்கு?"

"துக்கம் முடிஞ்சிட்டுதேன்னு..."

அதற்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பின்னாலேயே அந்துவான் சார் கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தார்.  காகிதத்தை விரித்தார். முதலிலிருந்து எல்லாரையும் திரும்ப எண்ணினார். கடைசியாக விரல் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.

"சான் தூஸ்" என்றார். நூற்றுப்பன்னிரண்டு. எழுதினார். "எல்லாம் உள்ள போங்க."

மறுநாள் காலை கான்ட்ராக்டர் வந்துவிட்டார். "சாமானத்த எடு. ஸ்டோர் ரூம் கதவு ஒடைஞ்சிருக்கு. உன்ன வெச்சா என் பேருதான் ஒடையும்." நான் டிபன் கேரியரை எடுத்தேன். தொப்பியை மெஷின் மேலேயே வைத்தேன். அப்போது அந்துவான் சார் உள்ளே வந்தார்.

"நேத்து ஏன் போன?"

மில் சங்கைச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் நின்றதைச் சொன்னேன்.

"யாருக்காக நின்ன?"

"தெரில சார். யாரா இருந்தா என்னா?"

 அவர் கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "நூத்திப்பதினோரு பேர வெளிய அனுப்பிட்டு கடைசியா எறங்கிருக்கான். வார்டன் வேல அதான். எங்க நிக்கணும், எதுக்கு நிக்கணும்னு இவனுக்கு தெரில. இவனுக்கு வெளங்காத பாஷைல வகுப்பு எடுத்தது நானு. கம்ப்ளெயின்ட் எழுதணும்னா என் மேல எழுதிக்க."

என்னைக் கீழே கூட்டிப்போனார். பார்க்கிங்கில், நாலு பேர் சேர்ந்து நிற்கிற பச்சைப் பலகைக்கு அடியில் நிறுத்தினார். "இங்கதான். என் விரல் உன் மேல வர்ற வரைக்கும் செத்தாலும் நவுறக்கூடாது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார்."

"மெய்யா வெளங்குச்சா?"

அதற்குப் பிறகு மாடியில் என் பேர் நூத்திப்பன்னண்டு. "நூத்திப்பன்னண்டு அண்ணா, மெஷின்ல பால் வரல." "நூத்திப்பன்னண்டு, இன்னிக்கு யாருக்கு அஞ்சலி?" கயல்விழிகூட அப்படித்தான். செல்வி கூடையை இறக்கி வைத்தாள். அடுத்தடுத்த ஒத்திகைகளில் பலகைக்கு அடியில் முதலில் போய் நிற்கப் பார்ப்பேன், கடைசியாகத்தான் இறங்க வேண்டும் என்று விரட்டுவார்கள்.

பிறகு நோய்க்காலம் வந்தது. எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். நோய் போன பிறகும் பாதிப்பேர் வரவில்லை. அப்புறம் வந்தது கால்வாசிதான். பிறகு மாடியையே விட்டுவிடப் போவதாகச் சொன்னார்கள். கயல்விழி அரியாங்குப்பத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறது, பாலத்துத் தொல்லை இல்லை. கடைசி நாளில் மெஷினைக் கழற்றி வண்டியில் ஏற்றினோம். அந்துவான் சார் விளக்குகளை அணைத்துவிட்டு வந்தார். பலகைக்கு அடியில் நின்று தன் நெஞ்சில் விரலை வைத்து "அன்" என்றார். என் மேல் வைத்து "தெ" என்றார். "சரியா இருக்கு" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வருஷமே மகனோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார்.

போன வாரம் பெட்டியிலிருந்து தொப்பி கிடைத்த மறுநாள், வில்லியனூர் ரோட்டில் ஒரு வேலையாகப் போனேன். தலையில் தொப்பி. செல்வி தூக்கிப் போடச் சொன்னது சரிதான், அதை மாட்டினாலே எனக்கு ஊர் சுற்றத் தோன்றும். அந்தக் கட்டடத்தில் இப்போது கீழே சோபா, கட்டில் விற்கிறார்கள். மேலே ஏதோ டியூஷன். மூன்றாவது மாடிக் கண்ணாடியில் வாடகைக்கு என்று பெரிதாக ஒட்டியிருக்கிறது. பார்க்கிங்கில் பச்சைப் பலகை மட்டும் அங்கேயே இருந்தது. நாலு பேரில் ஒருத்தர் உரிந்து, மூணு பேர் நின்றார்கள்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதற்கு அடியில் போய் நின்றேன். சும்மாதான். ஐந்து நிமிஷம் இருக்கும். செக்யூரிட்டிப் பையன் ஒருத்தன் விசிலோடு வந்தான்.

"என்னா பெருசு, ரொம்ப நேரமா நிக்கிற? யாராச்சும் வரணுமா?"

"நூத்திப்பதினோரு பேரு வரணும் தம்பி."

அவன் என்னைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான்.

"அவ்ளோ பேருக்கு இங்க வண்டி நிறுத்த எடம் இல்ல" என்றான்.